வீட்டுக் கணினி நெடுநாள் உழைக்க

கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஓயாது வீசும் சென்னையின் மயிலாப்பூர், அடையாறு முதலிய இடங்களில், வீட்டுக் கணினி அவற்றாலும் தூசியாலும் உஷ்ணத்தாலும் சீக்கிரமே க்ஷீணமடைவது சகஜமாதலால், கீழ்க்கண்டவற்றைச் சிரத்தையுடன் அனுசரிப்பது நலம்.

• மூன்று மாதத்துக்கொருமுறை, சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்விசிறி சுழன்றுவிடாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, அதன் இறக்கைகளிலும் அடியிலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளிலும் பஞ்சாய்ப் படிந்திருக்கும் தூசியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷினால் அகற்றுக; ஈரத்துணி கூடவே கூடாது.

• உஷ்ணக் காற்று தாராளமாக வெளியேறும்பொருட்டு, பெட்டிக்கும் சுவருக்கும் இடையே அரை அடி விடுக.

• 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நினைவிற்கொண்டு, பெட்டியைத் தரையில் வைக்காமல் மேஜைமீது வைக்க.

• இடி மின்னல் சமயத்தில், மின்பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுக.

• விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டபடியால், கணினிக்குத் தகுதியிருப்பின் விண்டோஸ் 11-க்கு மாறுக.

• ரிச்சி தெருக் கணினிக் கடைகளுக்குப் பழுதுபார்க்க எடுத்துச் செல்லுமுன், புகைப்படங்களையும் முக்கியமான பத்திரங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் அவசியம் பிரதியெடுத்துக்கொள்க. கெட்டுப்போன உறுப்பைக் கடையில் வாங்கிவிடலாம், அழிந்துபோன படங்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.