பூனைக்குக் காயமா? அக்கா சொல்ற டிப்ஸ்!

ராத்திரி மொட்டை மாடியில பூனைங்க கத்திச் சண்டை போட்ட சத்தம் கேட்டுச்சா? காலையில முதல் வேலையா உங்க செல்லத்தை மடியில வச்சு, உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்க தங்கச்சிகளா.

எங்க வீட்டுக் கறுப்பிக்கு ஒருநாள் வால் ஆரம்பிக்கிற இடத்துல முடி கொத்தா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. விலக்கிப் பார்த்தா கடுகளவு ஓட்டை. சின்னதுதானேன்னு விட்டுட்டேன். மூணாம் நாள் அதே இடத்துல எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். தொட்டா சுட்டுச்சு. மீன் வச்சாலும் திரும்பிப் பார்க்கலை. டாக்டர் கீறிச் சீழை எடுத்த பிறகுதான் அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச்சு.

பூனைக்கு நீளமான கீறலைவிடச் சின்ன ஓட்டைதான் ஆபத்து. பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமா இறங்கும். மேல்தோல் சீக்கிரமே மூடிக்கும், பல்லுல இருந்த கிருமி உள்ளேயே தங்கிடும். சில நாள்லயே சீழ் கட்டிடும். அதனால கடிபட்ட ஓட்டைன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. மேலோட்டமான கீறல், சிராய்ப்புக்கு மட்டும் வீட்டுல இப்படிப் பாருங்க:

1. கையுறை போட்டுக்கோங்க. பழைய துண்டுல பூனையைச் சுத்தி, காயம் உள்ள பக்கம் மட்டும் வெளியே தெரியட்டும். வலியில எவ்வளவு சாதுவான பூனையும் கடிக்கும்.

2. ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. அதுக்கு மேலயும் நிக்கலைன்னா, அழுத்தினபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

3. அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு, தலை தட்டின ஒரு டீஸ்பூன் தூள் உப்பு கலந்து ஆற விடுங்க. ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து மண், தூசி போற வரைக்கும் கழுவுங்க. காலையும் சாயங்காலமும் இப்படிக் கழுவினா போதும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கும். காஸ் துணியால ஒத்தி எடுங்க.

4. பீட்டாடின் போடணும்னா லைட்டான டீ நிறம் வர்ற அளவுக்குத் தண்ணி கலந்து, ஒத்தி எடுத்துடுங்க.

5. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கற்பூரம், மண்ணெண்ணெய், டீ ட்ரீ ஆயில் எதுவும் கூடாது. நமக்குத் தாங்குற பல பொருளை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட கல்லீரலுக்குக் கிடையாது. தடவினதை நக்கியே உள்ளே தள்ளிடும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க, ஒரே ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துடும். மஞ்சள்தூளையும் அப்ப வேண்டாம். காயத்துல கட்டியா ஒட்டி, உள்ளே என்ன நடக்குதுன்னே தெரியாம மறைச்சிடும்.

6. நக்க விடாதீங்க. பூனை நாக்கு முள்ளு முள்ளா அரம் மாதிரி இருக்கும், ஆறுற தோலையே உரிச்சிடும். பெட் ஷாப்ல கூம்பு மாதிரி காலர் கிடைக்கும், கழுத்துல மாட்டுங்க. ஆறுற வரைக்கும் வெளியே அனுப்பாதீங்க, ஈ உட்கார்ந்தா புழு வச்சிடும்.

7. தினமும் பாருங்க. வீக்கம், கெட்ட வாடை, சீழ், புழு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம சுருண்டு படுக்கிறது, உடம்பு அனலா இருக்கிறது... இதுல எது தெரிஞ்சாலும் தாமதிக்காதீங்க. கண்ணுக்குப் பக்கத்துல காயம், வாய் பிளந்த காயம், நாய் கடிச்ச காயம்னா வீட்டு வைத்தியமே வேண்டாம். பக்கத்துல இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனாலும் பார்ப்பாங்க.

8. மருந்து போடும்போது உங்களைக் கடிச்சாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பத்திக் கேளுங்க. நம்ம வீட்டுப் பூனைதானேன்னு விடாதீங்க.

கடைசியா ஒண்ணு. கடுவன் பூனை வளர்க்கிறவங்க கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. ஊர் சுத்துறதும் சண்டையும் நல்லாவே குறையும். பூனை வலியை வாய்விட்டுச் சொல்லாது, மூலையில போய் ஒளிஞ்சுக்கும். நாமதான் தேடிப்போய், முடியை விலக்கிப் பார்க்கணும்.