மறுமொழி இழந்த மொழி

புதுவையில் நேரு வீதியை அடுத்துள்ள அங்காடிக்குக் குபேர் அங்காடி என்பது அரசாங்கப் பெயர். ஊரார் நாவில் அது பெரிய மார்க்கெட். காலையில் அங்குச் சென்றால் பேச்சொலியே பெருவணிகமாய்த் தோன்றும். மீன் விற்கும் பெண்டிர் விலை கூறுவர். வாங்க வந்தோர் குறைத்துக் கேட்பர். அதற்கும் விடை வரும். பழக்கடையில் அன்னாசி இருக்கிறது. அச்சொல் தென்னமெரிக்கப் பழங்குடியினர் நாவில் பிறந்து, போர்த்துக்கீசியர் வாயிலாக நம்மை வந்தடைந்தது. கேட்போர் இருந்தமையால் பிழைத்த சொல் அது.

கேட்போரை முற்றிலும் இழந்த மொழியும் உண்டு. அது நெடுந்தொலைவில் இல்லை. புதுவைக்கு நேர் கிழக்கே வங்கக் கடலைக் கடந்தால் அந்தமான் தீவுகளை அடையலாம். பெரிய அந்தமானில் முன்பு பத்துக் குழுவினர் வாழ்ந்தனர்; குழுவுக்கு ஒரு மொழி இருந்தது. அவற்றுள் ஒன்று ‘போ’.

1858 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். வெளியாரோடு புதிய நோய்களும் வந்தன. 1877 இல் பரவிய தட்டம்மை பலரைக் கொண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கில் இருந்த மக்கள், 1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961 இல் 19 பேர். எஞ்சியோர் பிற்காலத்தில் ஸ்டிரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். குழுக்கள் ஒன்றாய்க் கலந்தன, மொழிகளும் கலந்தன, பிள்ளைகள் இந்தி பேசலாயினர்.

அம்மொழிகள் எளியவை என்று கருதிவிடலாகாது. தமிழில் ‘தலை’ என்று தனித்துச் சொல்கிறோம். அவர்களோ யாருடைய தலை என்பதைச் சேர்த்தே சொல்வர். உடலை ஏழு பகுதியாகப் பகுத்து, பகுதிக்கு ஓர் அசையைச் சொல்லின் முன்னே வைப்பர். வியப்பு யாதெனில், உறுப்புப் பெயரோடு அவ்வசை நில்லாது. வினைச்சொல்லுக்கும் பண்புச்சொல்லுக்கும் முன்னே வந்து நிற்கும். மனித உடலையே இலக்கணத்தின் அளவுகோலாகக் கொண்ட மொழிகள் அவை!

இவ்வமைப்பை விளக்கியவர் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அன்விதா அப்பி. போ மொழியை அறிந்த கடைசி மூதாட்டியான போவாவிடம் அவர் சொற்களையும் பாடல்களையும் கேட்டுப் பதிவு செய்தார். பெற்றோர் மறைந்தபின் பல்லாண்டுகளாக அம்மூதாட்டியோடு அம்மொழியில் பேச ஒருவரும் இலர். பிறரோடு பழக அவர் இந்தி கற்றுக்கொண்டார். தம் மொழியில் பேச விரும்பியபோது பறவைகளிடம் பேசினார். அவை தம் பேச்சை அறியும் என நம்பினார்.

2010 சனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பாடிய பாடல்கள் ஒலிப்பதிவாக உள்ளன. பொருள் அறிய விரும்புவோர் அப்பி தொகுத்த அகராதியைப் புரட்டலாம்.