மூக்கை மூடினால் போதுமா?

கொழும்பின் பழைய மலக்கழிவுக் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்டவை. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் அமைந்த இரு வழிகளால் கழிவுநீர் கடலுக்குள் விடப்பட்டு வந்துள்ளது. காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருவிலோ குழாய் அடைத்துக்கொண்டால், மேன்ஹோல் மூடியைத் திறந்து வேலை செய்பவர் நகரசுத்தித் தொழிலாளி. அவருக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்?

கையுறையும் இறப்பர் சப்பாத்தும் என்று உடனே சொல்வோம். அவை தேவைதான். எலியின் சிறுநீர் கலந்த நீர் சிறு காயத்தில் பட்டாலே எலிக் காய்ச்சல் வரலாம். 2008இல் மட்டும் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. ஆனால் குழிக்குள் ஆளை உடனே கொல்வது அங்குள்ள காற்று.

அழுகும் கழிவிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. கூழ்முட்டை நாற்றமுள்ள இது காற்றை விடக் கனமானது, அடியில் தங்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் இது 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று எண்ணுபவர் அப்போதுதான் பெரும் ஆபத்தில் இருக்கின்றார். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். சேற்றைக் கிளறும்போது அடைபட்ட வாயு திடீரென வெளிவரும். எனவே இறங்குமுன் செய்யும் சோதனை மட்டும் போதாது. கருவி அவருடனேயே இருக்க வேண்டும்.

முகத்தில் கட்டிய லேஞ்சி இந்த வாயுவைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடியும் இல்லாத ஒட்சிசனை உண்டாக்காது. வெளிக்காற்றைக் குழாயால் ஊட்டும் முகக்கவசம், உடலில் பூட்டும் வார், அதில் கயிறு, மேலே விட்டகலாத ஓர் ஆள் ஆகியவை வேண்டும். இவற்றை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. நாட்கூலிக்காரர் தலையில் கட்டலாகாது. இயந்திரத்தால் அடைப்பை எடுத்து, ஆளையே இறக்காமல் விடுவது இன்னும் நல்லது.

நம் கிராமத்து மலகூடக் குழியிலும் இதே ஆபத்து உண்டு. நீரிறைக்கும் இயந்திரத்தை உள்ளே இறக்கி ஓடவிட்ட கிணற்றில் வேறொரு நச்சுவாயு, மணமே இல்லாதது, நிறைந்திருக்கும். சிலர் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பதுண்டு. அது நச்சுவாயுவைக் காட்டாது. மலக்குழியில் மெதேன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கவும் கூடும்.

ஒருவர் விழுந்ததும் தம்பியோ அயலவரோ பின்னால் குதிக்கின்றார். இப்படி ஒருவர் பின் ஒருவராக மாண்டவர் பலர். கயிறு முன்பே கட்டியிருந்தால் மேலிருந்தே தூக்கலாம். இல்லையெனில் எவரையும் இறங்கவிடாது தடுத்து, 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழையுங்கள்.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் ஊரில் கடைசியாகக் குழியில் இறங்கியவர் யார்? அவர் உடலில் கயிறு இருந்ததா? மேலே நின்றவர் யார்?