உப்புக் காற்றில் உழைக்கும் கருவிகளுக்கு வண்ணப் பூச்சு

காரைக்கால் பகுதியில் நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கருவிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். மண்வெட்டியும் கோனோவீடரும் கழுவாமல் கொல்லையில் சாத்தி வைக்கப்பட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் தகடு அரித்துப்போகும். புதுக்கருவி வாங்குவது சிறு விவசாயிக்குப் பெருஞ்செலவு. வீட்டிலேயே பெயிண்ட் பூசினால் கருவி நீடித்து உழைக்கும்.

ஏற்ற காலம்

சம்பா, தாளடி அறுவடைக்குப் பின், குறுவை வேலை தொடங்குமுன் உள்ள மார்ச் முதல் மே வரையிலான மாதங்கள் ஏற்றவை. காலையில் பனி ஈரம் உலர்ந்த பின் தொடங்கி, கடற்காற்று வீசுமுன் பூச்சை முடிக்க வேண்டும்.

செய்முறை

1. கருவியைச் சோப்பு நீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு நீர் வரும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. உப்பு தங்கினால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு வளரும்.

2. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

3. அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை பூசி, ஓர் இரவு உலரவிட வேண்டும்.

4. பின்னர் எனாமல் பெயிண்டை மெல்லியதாக இரண்டு கை பூச வேண்டும். முதல் பூச்சு நன்கு உலர்ந்த பிறகே அடுத்தது. ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் வழியும், பின்னர் உரியும்.

வெட்டும் முனை, மரை, அச்சு, எண்ணெய் விடும் துளை ஆகியவற்றில் பெயிண்ட் படக்கூடாது. அவ்விடங்களில் காகிதம் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம். மண்ணில் உராயும் கலப்பைக் கொழுவில் பூச்சு நிற்காது. அதற்கும் வெட்டும் முனைக்கும் எண்ணெயோ கிரீஸோ தடவினால் போதும்.

எந்த நிறம்?

மேல்நாடுகளில் வேட்டைக்காரர்கள், விலங்கின் கண்ணில் படாதிருக்கத் தங்கள் துப்பாக்கிக்கு இலை, தழை நிறங்களைத் தாங்களே பூசுவதுண்டு. அங்கும் எண்ணெய் நீக்குதல், தேய்த்தல், மெல்லிய பூச்சு என்பதே வரிசை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றமாகும். வயல் கருவிக்கு இதற்கு நேர்மாறான நிறமே வேண்டும். பச்சை, காவி நிறக் கைப்பிடியுள்ள அரிவாள் வரப்புப் புல்லில் மறைந்து காலைக் கிழிக்கும். கைப்பிடிக்கு மஞ்சளோ ஆரஞ்சோ பூசினால் தூரத்திலிருந்தே தெரியும், கருவியும் தொலையாது.

கவனிக்க வேண்டியவை

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது. வீட்டு உபயோக பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். அளவை மிஞ்சக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. டப்பாவின் மேல் உள்ள குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். பெயிண்ட், டர்பன்டைன் இரண்டும் எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையில் பூசுவதும், பூசும்போது பீடி பற்றவைப்பதும் ஆபத்து. மருந்து தெளிக்கும் கருவியை முதலில் கையுறை அணிந்து சோப்பு நீரால் நன்கு கழுவிய பிறகே தேய்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கூரைக்கு அடியில் தொங்கவிட வேண்டும். பூச்சு பெயர்ந்த இடத்தை உடனே தேய்த்துத் தொட்டுப் பூசிவிட்டால், துரு பரவாமல் தடுக்கலாம்.