கப்பலேறும் முன் கவனிக்க!

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் வந்தது. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து குடும்பத்தோடு கடல் பயணம் கிளம்புவோருக்குச் சில குறிப்புகள்:

* அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். முடிந்தால் வேறு மாதத்தில் டிக்கெட் எடுங்கள். பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

* வானிலை மையத்தின் அறிவிப்பையும், ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பையும் பாருங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் பயணம் தள்ளிப்போகலாம்.

* அறை கேட்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

* நைட் ஷிப்ட் முடித்த கையோடு ரயிலேறிக் கப்பலுக்கு ஓடாதீர்கள். தூக்கம் கெட்டால் குமட்டல் கூடும்.

* குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் பலன் குறைவு. மாத்திரை போட்டால் தூக்கம் வரும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோருக்கு டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

* வயிற்றைக் காயப் போடாதீர்கள். இட்லி, ரஸ்க், இஞ்சி மிட்டாய் நல்லது; எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாகக் குடியுங்கள்.

* தலை சுற்றினால் செல்போனை வைத்துவிட்டு, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

* நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். ரப்பர் அடிச் செருப்பே போடுங்கள்.

* லைஃப் ஜாக்கெட் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். குழந்தைகளையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள்.