கல்யாணச் சாப்பாடு ஆறக் கூடாது



போன வைகாசியில் நம் உறுப்பினர் ஒருவர் மகளின் கல்யாண வரவேற்பை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்தினார். சமையலுக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று குழுப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து சமைத்தார்கள். நானும் வெங்காயம் உரித்தேன். தக்காளி சாதம், வெள்ளைச் சோறு, சாம்பார், கூட்டு எல்லாம் மதியம் 2 மணிக்கே தயார். "வேலை முடிஞ்சுது, இனி சேலையை மாத்திக்கலாம்" என்று எல்லோருக்கும் நிம்மதி.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து சேர இரவு 8 மணி ஆகிவிட்டது. அன்று ராத்திரியே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சோறு எத்தனை மணிக்கு வடிச்சீங்க?" என்பதுதான்.

பிள்ளைகள் மறுநாளே தேறிவிட்டார்கள். ஆனால் பெண்ணைப் பெற்ற அந்த அக்கா, "கை சுத்தமாத்தானே மேடம் செஞ்சோம்? எம்பொண்ணு போன வீட்டுல இதையே சொல்லிக் காட்டுவாங்களே" என்று அழுதது இன்னும் என் மனசில் இருக்கிறது.

கை சுத்தம்தான், அதில் குறையே இல்லை. ஆனால் அரிசியோடு வருகிற ஒரு வகைக் கிருமியின் வித்து, சோறு கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் பார்த்து முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது. அதனால் "பரிமாறும் முன்னாடி ஒரு சூடு காட்டிடலாம்" என்பது இங்கே உதவாது.

"அண்டாவை மூடித்தானே வச்சோம்?" என்று கேட்பீர்கள். மூடி வைத்தால் சூடு மெல்லக் குறையும், அவ்வளவுதான். பெரிய அண்டாவின் நடுவில் அந்த வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கணக்கு. இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிட வேண்டும்.

பழைய சோறு சாப்பிடுகிறோமே என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தது. புளிப்பு ஏறிய இடத்தில் இந்தக் கிருமி சரியாக வளராது. அண்டாச் சோறு அப்படியில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் நேரத்தை மாற்றுங்கள். காய் நறுக்குவது, மசாலா அரைப்பது, பருப்பு களைவது எல்லாம் மதியமே நடக்கட்டும். உலை மட்டும் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறட்டும். வேன் கிளம்பியதும் போன் செய்யச் சொல்லி வையுங்கள். சோற்றை ஒரே உலையில் வடிக்காதீர்கள். ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் 200 பேருக்கு 25 கிலோ. முதலில் 10 கிலோ, அடுத்த பந்திக்கு 8, கடைசிக்கு 7. கூட்டம் குறைந்தால் கடைசி 7 கிலோவும் அரிசியாகவே மிஞ்சும்! பழைய அண்டாவில் மிச்சம் இருக்கும் சோற்றின் மேல் புதுச் சோற்றைக் கொட்டாதீர்கள்.

சாம்பார், ரசத்தை அடுப்பிலேயே சின்னத் தீயில் வைக்கலாம், ஒருத்தர் பொறுப்பாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டு, குருமா அடிப்பிடிக்கும். அதற்கு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் கூட்டுப் பாத்திரத்தை இறக்கி மூடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற வெந்நீரையே ஊற்றுங்கள். ஹாட்பாக்ஸ் வாடகைக்கு எடுத்தால், முதலில் அதில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு சாதத்தை வாய் வரை நிரப்புங்கள். ஹாட்பாக்ஸ் இருக்கிற சூட்டைக் காக்கும், புதிதாகச் சூடாக்காது. அண்டாவைச் சுற்றி வைக்கோலும் சாக்கும் கட்டுவது நம் பாட்டிமார் வழி. அதுவும் சூட்டைக் காக்கத்தான், ஒரு பந்தி நேரத்துக்குத் தாங்கும். வைக்கோலை அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரைத்தால் போதும்.

சூடு பார்க்கக் காய்ச்சல் தெர்மாமீட்டரை விட்டுவிடாதீர்கள், 42 டிகிரியோடு அது நின்றுவிடும், உடைந்தாலும் ஆபத்து. சமையலுக்கென்றே ஊசி போட்ட தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அண்டாவின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி எடுத்துப் போகலாம். கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும், வாடகை கிடையாது.