வேலையிடத்தில் கண்டுகொள்ளாமல் விடுவது



இந்தத் தலைப்பைக் கொத்தனார் வேலை பார்க்கும் என் அப்பாவிடம் சொன்னேன். "மேஸ்திரி திட்டினாக்கூட பரவாயில்லடா. ஆளே இல்லாத மாதிரி தாண்டிப் போனாருன்னா அன்னிக்கிக் கை ஓடாது" என்றார். பள்ளிக்கூடம் போகாத அவர் சொன்னதை அறிஞர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியல் அறிஞரின் குழு, 2000-ஆம் ஆண்டில் கம்ப்யூட்டரில் ஒரு பந்து விளையாட்டை வைத்துச் சோதனை நடத்தியது. மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் நமக்குப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். அதற்கே மனம் சோர்ந்து, தன்மதிப்பும் குறைந்தது. எதிரில் ஆடுவது வெறும் கம்ப்யூட்டர்தான் என்று சொல்லிவிட்டே ஆட வைத்த 2004-ஆம் ஆண்டுச் சோதனையிலும் வலித்தது. விளையாட்டுக்கே இப்படியென்றால், சோறு போடும் வேலையில்?

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நடந்ததைப் பாருங்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கும் நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது என்று கணக்கிட்டவர் அவர். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியல் அறிஞர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார். வயது 24. அடுத்துப் பேசிய எடிங்டன் கேலி செய்தார். கேலியை விடுங்கள். "நீ சொல்வதே சரி" என்று தனியாகச் சொன்ன பெரிய விஞ்ஞானிகள் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. 1939-ல் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். நோபல் பரிசு 1983-ல் வந்தது. நடுவில் நஷ்டம் அவருக்கு மட்டுமா? வானியலுக்கும்தான்.

தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனபோது இதையே சின்ன அளவில் கண்டேன். அங்கே கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேன்டீனில் கடைசிப் பந்தி. லேத்தைத் துடைக்கும் அண்ணன் ஒருவர், ஹெட்ஸ்டாக்கில் சத்தம் மாறியதை முதலிலேயே கவனித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பேரிங் போய் மெஷின் நின்றது.

"ஏண்ணே சொல்லல?"

"போன தடவை சொன்னேன் தம்பி. திரும்பிக்கூடப் பாக்கல. நமக்கெதுக்கு?"

பொறுப்பில்லாதவர் என்றுதான் ஷிப்டில் அவரைப் பேசினார்கள். அவருக்கு எவ்வளவு காது கூர்மை என்பது யாருக்கும் தெரியவில்லை.

என் டிரெய்னிங் ரிப்போர்ட்டில் அந்தப் பேரிங் நம்பர்கூட இருக்கிறது. அண்ணன் பெயர் இல்லை. பதினைந்து நாளில் நானும் கேட்கவில்லை.